வீட்டில் ஒரே மாதச் சம்பளம் உங்களுடையதா? ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) நர்ஸ், அனஸ்தீசியா டெக்னீஷியன்களுக்கு ஓய்வுக்காலப் பணக் கணக்கு

ஏப்ரல் 14 ராத்திரியோடு எங்கள் கரையில் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். அடுத்த நாளிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ராமேஸ்வரம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த இரண்டு மாதமும், வீட்டில் யாருக்காவது மாதச் சம்பளம் வருகிறதா என்பதை வைத்துத்தான் அடுப்பு எரியும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அண்ணன் படகில் பங்குக்குப் போகிறவர், மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர், அம்மாவுக்குச் சர்க்கரை. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற எனக்கு மட்டும்தான் ஏழாம் தேதியானால் பேங்க் மெசேஜ் வரும். நான் டியூட்டியில் இருப்பேன், ஃபோன் லாக்கரில் இருக்கும், ஆனால் இன்றைக்குச் சம்பளம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நர்ஸுக்கான பணத் திட்டம் என்று எழுதுகிறவர்கள் இந்த வீட்டைப் பார்ப்பதில்லை. சம்பளத்தில் இத்தனை சதவீதம் சேமி, மிச்சத்தைச் செலவு செய் என்பார்கள். எங்களுக்கு மிச்சம் என்று ஒன்று கிடையாது, கேட்க ஆள் இருக்கும்வரை. அதனால் கீழே சொல்லப்போவது எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: ஓய்வுக்காலப் பணம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும், போன இடத்திலிருந்து நீங்களே நினைத்தாலும் சுலபமாக எடுக்க முடியாமல் இருக்க வேண்டும்.

யாருக்கு இது? அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தடிஸ்ட் என்று ஒரு வேலை உண்டு. நர்சிங் முடித்து, ஐ.சி.யு.வில் வேலை பார்த்து, மேற்படிப்பும் படித்தவர்கள் அங்கே தாங்களே மயக்க மருந்து கொடுக்கிறார்கள், சம்பளம் வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலர் அளவில். நம் ஊரில் அப்படி ஒரு பதவி இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர்தான். பக்கத்தில் மருந்தை ஏற்றி லேபிள் ஒட்டி, டியூப் எடுத்துக் கொடுத்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஓ.டி. ஸ்டாஃப் நர்ஸும் அனஸ்தீசியா டெக்னீஷியனும். எழுதுவது இவர்களுக்கு, அதிலும் தனியார் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் வளைகுடா போய் வந்தவர்களுக்கும். அரசு வேலையில் நிரந்தரமானவர்களின் கணக்கு வேறு, அதைத் தொடவில்லை.

முதல் வேலை: பே ஸ்லிப்பை உட்கார்ந்து படிப்பது

கேஸ் ஷீட்டை வரிவிடாமல் படிக்கிற நாம், சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும்தான் பார்க்கிறோம். மேலே இருந்து பாருங்கள்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகமும் அதே 12 சதவீதம் போட வேண்டும். நிர்வாகம் போடுவதில் 8.33 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் வரம்புக்கு 1,250 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், மிச்சம்தான் பி.எஃப்.பில் சேரும். அடிப்படை 15,000 என்றால் உங்கள் 1,800-உம் அவர்களுடைய 550-உம் சேர்ந்து மாதம் 2,350. சின்னத் தொகைதான். ஆனால் இப்போது கொடுக்கிற 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால், சம்பளம் ஒரு பைசா ஏறாமலேயே 25 வருடத்தில் அது 22, 23 லட்சம் ஆகும்.

"அக்கா, எனக்கு பி.எஃப். வேணாம், அதையும் சேர்த்துக் கையில குடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்" என்று போன வருடம் ஒரு பொண்ணு என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். வயது 23. அவள் விட்டுக்கொடுத்தது தன் 1,800 ரூபாயை மட்டும் அல்ல, நிர்வாகத்தின் பங்கையும், கூடவே வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கக்கூடிய காப்பீட்டையும்தான். சொன்னதும் முகம் மாறிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டுச் சேர்ந்துகொண்டாள். முதன்முதலில் சேரும்போதே அடிப்படை 15,000-க்கு மேல் இருந்தால் நிர்வாகம் உங்களை வெளியே வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அப்போதும் இரண்டு தரப்பும் எழுதிக்கொடுத்துச் சேர வழி உண்டு. இன்னொரு தந்திரம், அடிப்படையைக் குறைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தை அந்த அலவன்ஸ் இந்த அலவன்ஸ் என்று பிரித்துப் போடுவது. மொத்தச் சம்பளம் ஒன்றுதான், பி.எஃப். மட்டும் இளைத்துப்போகும். வேலைக்குச் சேரும்போது மொத்தம் எவ்வளவு என்று கேட்பதோடு அடிப்படை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை. என் முதல் ஆஸ்பத்திரியில் 14 மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள், ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. எனக்கு அது தெரிந்தது வேலையை விட்ட பிறகு. பழைய எக்ஸ்ரே கவர் ஒன்றில் சம்பளச் சீட்டுகளை எல்லாம் மடித்துப் போட்டு வைத்திருந்தேன், அது இருந்ததால்தான் புகார் கொடுத்து வாங்க முடிந்தது. இப்போது அவ்வளவு கஷ்டம் இல்லை. யு.ஏ.என். என்கிற உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணோடு இணைத்த ஃபோனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும், அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். கட்டவில்லை என்றால் பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் புகார் போடலாம், மாதம் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் நடக்கிற முகாமுக்கும் போகலாம்.

அப்புறம் பென்ஷன். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது, அதுவும் தங்களைத் தாங்களே. 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். கணக்கு இதுதான்: பென்ஷனுக்கான சம்பளத்தை, அது அதிகபட்சம் 15,000, சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 வருடம் முடித்தவர்களுக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஐந்து வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு வளைகுடா போகிற பெண், கிளம்பும் அவசரத்தில் பி.எஃப்.போடு 10சி படிவமும் போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறாள் என்று வையுங்கள். திரும்பி வந்து இன்னும் 20 வருடம் வேலை பார்த்தால் அவளுக்குக் கிடைக்கக்கூடியது சுமார் 4,714 ரூபாய். எடுக்காமல் விட்டிருந்தால் 25 வருடமாகிச் சுமார் 5,785. மாதம் ஆயிரத்துச் சொச்சம், சாகும்வரை. அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம், அந்தச் சர்வீஸ் அப்படியே நிற்கும். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. நான் எடுத்த பணத்தில் ஒரு பெரிய சூட்கேஸும், சென்னைக்குப் போக வர டிக்கெட்டும் வந்தது.

உள்ளூரிலேயே ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் எதையும் எடுக்க வேண்டாம், அதே யு.ஏ.என்.னைக் கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு யு.ஏ.என். இருந்தால் ஒன்றாக்குங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். உங்களிடம் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 போடும். மகப்பேறுக்கு 26 வாரம் சம்பளம், குடும்பத்துக்கு வைத்தியம். நாமே ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறோம், எதற்கு என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். டியூட்டியில் ஊசி குத்தினாலோ ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாலோ அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பின்னால் கை கால் சுவாதீனம் குறைந்தால், ஊனத்துக்கான உதவித்தொகை கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். நாலரை வருடத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தாவுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, மயக்க மருந்து டாக்டரோடு காரில் பரமக்குடிக்கும் கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓடுகிற டெக்னீஷியன் தம்பிகளுக்கு இவை எதுவுமே இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: பணத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 சதவீதம் வரி பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். உங்கள் வருமானத்துக்குப் பெரும்பாலும் வரியே வராது. பிடித்த பணம் வருடாவருடம் அரசிடம் சும்மா கிடக்கிறது.

அடுத்தது: கடல் கணக்கு

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்த ஆலோசகரும் சொன்னதில்லை. தடைக்காலம் திடீரென்று வருவது கிடையாது. தீபாவளி மாதிரி தேதி குறித்து வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் நகை அடகுக் கடைக்குப் போகும், இல்லையென்றால் என் பி.எஃப்.பில் கை வைக்கச் சொல்வார்கள். ஒரு வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டுக்கு அந்த இரண்டு மாதத்துக்கு 28,000 வேண்டும். தடைக்கால நிவாரணம் 8,000 வரும். மிச்சம் 20,000. ஜூலையிலிருந்து ஏப்ரல் வரை பத்து மாதம், மாதம் 2,000. பேங்கில் மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. கணக்கு பத்து மாதத்துக்குப் போட்டேன், அது மே தொடக்கத்தில் முடியும். அந்தத் தொகையைத்தான் அண்ணன் கையில் கொடுப்பேன், அதற்கு மேல் அந்த வருடம் கடலுக்காக ஒன்றும் கிடையாது. முதல் வருடம் முகம் தூக்கினார். இப்போது படகுக்குப் போகிற மாதங்களில் அவரே 500 ரூபாய் கொடுக்கிறார், அதில் போடச் சொல்லி.

உங்கள் வீட்டில் கடல் இல்லாமல் இருக்கலாம். உப்பளமாக இருக்கலாம், மழையை நம்பிய மிளகாய்க் கொல்லையாக இருக்கலாம், கரிமூட்டமாக இருக்கலாம். எந்த மாதம் வறண்டு போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கென்று ஒரு ஆர்.டி. போடுங்கள்.

இது தவிர, உங்களுக்கென்று ஆறு மாதச் செலவு, தனிக் கணக்கில். சக்‌ஷன் (தொண்டையில் சேர்கிறதை உறிஞ்சுகிற கருவி) ஓடுகிறதா என்று பார்க்காமல் எந்த மயக்க மருந்து டாக்டராவது கேஸை ஆரம்பிப்பாரா? அந்த மாதிரிதான் இது, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டால் ஆள் திரும்பி வர எத்தனை வாரம் என்று சொல்ல முடியாத வீடுகளில் ஆறு மாதம் போதாது, எட்டாக வையுங்கள். கூட்டுறவு பேங்காக இருந்தாலும் பெரிய பேங்காக இருந்தாலும் ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதற்கு மேல் சேர்ந்தால் பிரித்துப் போடுங்கள்.

காப்பீடு, சுருக்கமாக

உங்களை நம்பி ஆள் இருந்தால் டெர்ம் பாலிசி எடுங்கள், வருட வருமானத்தைப் போல 10 முதல் 15 மடங்கு. மாதம் 25,000 என்றால் 30 லட்சத்திலிருந்து 45 லட்சம். செத்தால்தான் பணம், பிழைத்தால் ஒன்றும் இல்லை என்று ஏஜெண்ட் மாமாவே முகம் சுளிப்பார். மாமாவுக்கு, முடிவில் பணம் திரும்பி வருகிற எண்டோமெண்ட் பாலிசியில்தான் கமிஷன் கூட. அந்தப் பாலிசிகள் பொதுவாக 5, 6 சதவீதத்தைத் தாண்டிக் கொடுப்பதில்லை. வரி மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு வருடம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை, அந்தப் பாலிசிக் கழிவும் அதில் கிடையாது. இல்லாத வரியை மிச்சம் பிடிக்க எதற்குப் பாலிசி?

எதுவும் முடியாதவர்கள் பேங்கில் வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். இரண்டும் சேர்த்து ஒரு சுடிதார் விலைகூட இல்லை.

மெடிக்ளெய்ம்: சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடும். அதற்கு முன்னாலேயே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சலுகையைக் காப்பீடு என்று நினைக்கக் கூடாது, வேலையை விட்ட மறுநாள் அது இல்லை. 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பழைய பிரீமியத்தை நினைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம். ஊரில் தனி ரேஷன் கார்டில் இருக்கிற அப்பா அம்மாவின் குடும்ப வருமானம் வருடம் 1.20 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நகை, சீட்டு, கைமாத்து

நகையைச் சேமிப்பு என்று சொல்லாதே என்றால் அம்மா சண்டைக்கு வருவார், தங்கம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தங்கத்தின் விலை 100 ரூபாய், சேதாரம் 12 சதவீதம் என்றால் 112, அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 115 ரூபாய்க்கு மேல். கடையை விட்டு வெளியே வந்து அடுத்த கடையில் விற்றால் 100 ரூபாய் கிடைத்தால் அதிர்ஷ்டம். போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. சேமிப்புக்கு என்றால் காசாகவோ கோல்டு ஃபண்டாகவோ, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல்.

சீட்டு போடுவதாக இருந்தால் 1982 சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்த கம்பெனியில் மட்டும். வார்டில் நன்றாகப் பழகின ஒருவர் பிடித்த ஏலச்சீட்டில் நான் 18 மாதம் கட்டினேன், பத்தொன்பதாவது மாதம் அவர் டியூட்டிக்கு வரவில்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. மாதம் இரண்டு வட்டி மூன்று வட்டி தருகிறேன் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சாப்பாடு போடுகிற நிறுவனங்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

கையில் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் எந்த முதலீடும் ஆரம்பிக்க வேண்டாம். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம், அதை அடைப்பதுதான் முதல் தரமான முதலீடு. நகையைப் பேங்கில் வைத்துக் கந்துவட்டிக் கடனை அடைப்பது எப்போதும் லாபம்.

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு, எங்கே

இன்றைக்கு மாதம் 20,000 செலவாகிற வாழ்க்கை, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 25 வருடம் கழித்துச் சுமார் 86,000 கேட்கும். முதலில் இதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் சம்பளமும் ஏறும், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்போவதும் இல்லை. பி.எஃப்., அதன் பென்ஷன், கிராஜுவிட்டி, சொந்த வீட்டில் வாடகை இல்லாதது எல்லாம் சேர்ந்து ஒரு பகுதியைத் தாங்கும். மிச்சத்துக்குத்தான் இந்தப் பாடு.

முதலில் வி.பி.எஃப்., அதாவது நீங்களாக விரும்பிக் கூடுதலாகப் போடுகிற பி.எஃப். ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்தால் 12 சதவீதத்துக்கு மேல் நீங்கள் விரும்புகிற அளவு பிடிப்பார்கள், அதே 8.25 வட்டி. வருடத்துக்கு உங்கள் பங்கு 2.5 லட்சத்தைத் தாண்டாதவரை வட்டிக்கு வரி இல்லை. இதில் எனக்குப் பிடித்தது வட்டி அல்ல. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. மெசேஜில் வருகிற தொகைதான் சம்பளம் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள், கொஞ்ச நாளில் நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

பி.எஃப். இல்லாத டெக்னீஷியன்களுக்கு போஸ்ட் ஆபீஸில் பி.பி.எஃப். (யாரும் தாங்களே தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி). 15 வருடம், 7.1 சதவீதம், வருடம் 500 ரூபாயிலிருந்து 1.5 லட்சம் வரை.

இந்த இரண்டும் அடித்தளம்தான். விலைவாசியை ஓடிப் பிடிக்கப் பங்குச்சந்தையிலும் ஒரு பகுதி வேண்டும், அதற்கு, சந்தைக் குறியீட்டில் இருக்கிற பங்குகளை அப்படியே வாங்குகிற இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுகிற எஸ்.ஐ.பி. போதும். டைரக்ட் பிளான் என்று பார்த்து எடுங்கள், கமிஷன் கழியாது. மாதம் 5,000, வருடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 25 வருடத்தில் சுமார் 66 லட்சம், அதே தொகையைப் பத்து வருடம் கழித்து ஆரம்பித்தால் 15 வருடத்தில் 20 லட்சத்துச் சொச்சம். அந்தப் பத்து சதவீதத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை, நடுவில் சில வருடம் போட்டதே குறைந்து நிற்கும். அதனால்தான் கடல் கணக்கையும் ஆறு மாதச் செலவையும் முதலில் சொன்னேன். அவை இல்லாமல் எஸ்.ஐ.பி. போடுகிறவர் சந்தை விழுந்திருக்கும்போது பார்த்து அவசரத்துக்கு எடுத்துவிடுவார். பிடிக்கிற தேதியைச் சம்பளத்துக்கு மறுநாள் வையுங்கள். இன்கிரிமெண்ட் வரும்போது அதில் பாதியைச் சேர்த்துவிடுங்கள்.

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். பற்றிப் பலருக்கு இருக்கிற குறை, பல வருடம் பூட்டிக் கிடக்கும், முடிவில் ஒரு பகுதியைக் கட்டாயமாகப் பென்ஷனாகத்தான் வாங்க வேண்டும் என்பது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பூட்டுதான் லாபம். "இல்லை" என்று சொன்னால் உறவு கெடும். "இருக்கு, ஆனா கவர்மெண்ட் எடுக்க விடாது" என்று சொன்னால் கேட்டவரே கூடச் சேர்ந்து கவர்மெண்டைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். சோதித்துப் பார்த்த வழி.

அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவர்கள் சேரலாம். அதிகபட்சம் மாதம் 5,000. அதே 6 சதவீத விலைவாசியில் 25 வருடம் கழித்து அந்த 5,000-க்கு இன்றைய மதிப்பு 1,165 ரூபாய்தான், கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பக் கூடாது. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டத்தில் 8.2 சதவீதம் தருகிறார்கள், படிப்புக்கு அது. பிள்ளை படிப்புக்கு என்று உங்கள் பி.எஃப்.பை உடைக்காதீர்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும், ஓய்வுக்காலத்துக்கு எந்த பேங்கும் கடன் தராது.

வளைகுடா போகிறவர்களுக்கு

நர்ஸ் வேலைக்குச் சவுதி, குவைத் பக்கம் போவதென்றால் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் மூலம் முயற்சி செய்யுங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜெண்டுக்கு நிலத்தை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனால், முதல் ஒன்றரை வருடம் அவருக்காகத்தான் வேலை பார்ப்பீர்கள்.

போனதும் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடுவதற்கானது) தொடங்குங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிக்குப் புறம்பு, என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர்ப் பணத்துக்கானது) மாற்ற வேண்டும். புதிதாக பி.பி.எஃப். ஆரம்பிக்க முடியாது, முன்பே இருந்தால் முடியும்வரை தொடரலாம். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்னால் பி.பி.எஃப். கணக்கு ஒன்று திறந்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

சவுதித் தொழிலாளர் சட்டத்தில் வேலை முடிவுப் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதம். நீங்களாக ராஜினாமா செய்தால் குறையும்: இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து முதல் பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. நான் ஆறு வருடம் முடித்தபோது மூன்றரை மாதச் சம்பளம் வந்திருக்க வேண்டும், நடுவில் ராஜினாமா எழுதிக் கொடுத்ததால் இரண்டே கால் மாதத்தை ஒட்டித்தான் வந்தது. கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள்ளோ குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள்ளோ வேலையை விடுகிற பெண்ணுக்கு முழுப் பணமும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், பிறகு 30 நாள், அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும்.

அந்தப் பணத்தை என்ன செய்வது? நான் செய்ததைச் செய்யாதீர்கள். மாடி எடுத்தேன். அந்த மாடியில் இப்போது வலையும் கருவாட்டுக் கூடையும் கிடக்கின்றன.

மனை

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கொடி கட்டி விற்கிற மனைகளைப் பற்றி ஒரே பத்தி. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இல்லாத மனை வேண்டாம், 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத புது மனைகளைப் பதிவதற்கே தடை வந்துவிட்டது. மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். கடலைப் பார்த்தபடி இருக்கிறது என்பார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அங்கே நினைத்தபடி வீடு கட்ட முடியாது. குடியிருக்க ஒரு வீடு போக, இரண்டாவது மனை ஓய்வூதியம் ஆகாது. 62 வயதில் மருந்து வாங்க மனையில் கால் சென்ட் வெட்டி விற்க முடியாதே.

45-க்குப் பிறகு

மேலே போட்ட கணக்கெல்லாம் 58, 60 வரை முழுச் சம்பளம் வரும் என்று நம்பிப் போட்டது. தியேட்டரில் நிற்கிறவர்களுக்கு அது உண்மையில்லை. எலும்பு ஆபரேஷனில் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் இடுப்பு பேசும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் எங்கள் தியேட்டரில் மட்டும் மூன்று பேர். நைட் பார்க்க முடியாமல் 50 வாக்கில் பலர் விலகுகிறார்கள், அல்லது சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கிருமி நீக்குகிற பிரிவு), தொற்றுக் கட்டுப்பாடு, நர்சிங் காலேஜ் என்று சம்பளம் குறைந்த இடத்துக்கு மாறுகிறார்கள். ஆகவே 50 வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு பாதி என்று வைத்துத் திட்டமிடுங்கள். 40-லிருந்து 50 வரைதான் அதிகம் போட வேண்டிய காலம். 45 வயதுக்குள் தொற்றுக் கட்டுப்பாடு மாதிரி ஏதாவது ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்து வைத்துக்கொண்டால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். அதுவும் ஓய்வுக்கால முதலீடுதான்.

60 தாண்டியதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், போஸ்ட் ஆபீஸிலேயே. அதிகபட்சம் 30 லட்சம். இப்போதைய 8.2 சதவீதத்தில் முழுத்தொகை போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 வரும். எஸ்.ஐ.பி. பணத்தை 60 வயதில் ஒரே நாளில் எடுத்து இதில் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம், 56, 57-லிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். இன்னொன்று, இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருடம் இருந்து, அதில் இருக்கும்போதே ஓய்வு வயதை எட்டியவர்கள் வருடம் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் வைத்தியம் தொடரும். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு.

நாமினியை இன்றைக்கே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.பிலும் கிராஜுவிட்டியிலும் போட்ட பெயரை, கல்யாணமானதும் புதிதாகப் போட வேண்டும், பழையது செல்லாமல் போகலாம். பி.எஃப்.பில் ஆதார் வைத்து இணையத்திலேயே செய்துவிடலாம்.

என்னிடம் மூன்று பாஸ்புக் இருக்கிறது. டியூப் ஒட்டுகிற மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி, சிரிஞ்சுக்கு எழுதுகிற மாதிரி பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் "வீடு", ஒன்றில் "கடல்", ஒன்றில் "60". போன தடைக்காலத்தில் அண்ணன் பீரோவைத் திறந்தவர் மூன்றாவதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாருக்கு, அறுபதுன்னு போட்டிருக்க?"

"எனக்குத்தாண்ணே, அறுபது வயசுல."

"அதுல ஒரு இருபதாயிரம்..."

"2042-ல வா அண்ணே, தர்றேன்."

சிரித்துக்கொண்டே இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "கடல்" பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பச் சொன்னார்.